குளிரில் ஓடும், உடம்பில் உறையும்: வெப்பநிலைக்கு இசையும் ஐதரோஜெல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் மலையகத்தில், ஹட்டனில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் கற்பிப்பவன் நான். பல்பகுதியங்கள் (பொலிமர்கள்) பாடம் வரும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு சிறு போத்தலை வகுப்புக்குக் கொண்டுபோவேன். உள்ளே தண்ணீர்போல ஒரு திரவம் இருக்கும். முன்வரிசையில் இருப்பவரிடம் கொடுத்து, உள்ளங்கைகளுக்குள் பொத்தி வைத்திருக்கச் சொல்வேன். சில நிமிடங்களில் போத்தலைக் கவிழ்த்தாலும் எதுவும் கொட்டாது. பளிங்குபோன்ற களி அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். மேசையில் சிறிது நேரம் வைத்தால் பழையபடி தண்ணீர். அதற்குப் பிறகு வரும் கேள்விகள் வகுப்போடு நிற்பதில்லை. பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்கிறார்கள், பெற்றோர் கேட்கிறார்கள், தாதியாக வேலை செய்யும் பழைய மாணவி தொலைபேசியில் கேட்கிறார். திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஐதரோஜெல் என்பது திரவமா, திண்மமா?

எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஆனால் அந்தத் தண்ணீர் ஓட முடியாதபடி ஒரு வலைக்குள் அகப்பட்டிருக்கிறது. நீண்ட பல்பகுதியச் சங்கிலிகள் அந்த வலையைப் பின்னுகின்றன. பெருநாளுக்குக் கடற்பாசி காய்ச்சி ஊற்றிய தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கரண்டியால் வெட்டலாம், கையில் எடுக்கலாம், ஆனால் அதில் இருப்பது அனேகமாக முழுவதும் நீர்.

மருத்துவத்துக்கென்று ஐதரோஜெல்லை முதலில் முறையாக முன்வைத்தவர்கள் செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த ஒட்டோ விக்டர்லேயும் திராஹொஸ்லாவ் லிம்மும். அவர்களுடைய கட்டுரை 1960இல் நேச்சர் இதழில் வந்தது. அடுத்த ஆண்டு நத்தார் காலத்தில் விக்டர்லே தன் வீட்டில், பிள்ளைகள் விளையாடும் உலோகக் கட்டமைப்புப் பெட்டியின் பாகங்களைக் கொண்டு ஓர் இயந்திரம் செய்து, சுழலும் அச்சில் மென் கண்வில்லைகளை வார்த்தெடுத்தார். பள்ளி ஆய்வுகூடத்தில் ஒன்றும் இல்லை என்று குறைப்படுபவர்களுக்கு இந்தக் கதையைத்தான் நான் சொல்வது.

கண்வில்லையின் வலை நிரந்தரமானது. சங்கிலிகள் ஒன்றோடொன்று இரசாயனப் பிணைப்பால் கட்டப்பட்டவை. இந்தப் பக்கத்தில் பேசப்படும் ஜெல்லில் அப்படிப்பட்ட கட்டு இல்லை. வெப்பநிலை மாறும்போது வலை உருவாகிறது, மாறினால் கலைகிறது.

குளிர்ந்தால் உறைவதும் சூடானால் உருகுவதும்தானே இயல்பு? இது ஏன் தலைகீழாக நடக்கிறது?

இந்தக் கேள்வியை மலையகத்தில் கேட்பதற்குக் காரணம் உண்டு. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசில் உருகும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகைக்கு அருகில். ஆகவே அங்கே எண்ணெய்ப் போத்தலை வெயிலிலோ அடுப்போரத்திலோ வைத்துவிட்டுத்தான் தலைக்குத் தடவ முடியும். குளிர் என்றால் உறைவு என்பது நமக்குக் காலையில் எழுந்ததும் கிடைக்கும் பாடம்.

தேநீரும் அதையே சொல்கிறது. சாயம் கூடிய பிளேன்டீயை ஆறவிட்டால், தெளிவாக இருந்தது கலங்கிப் பால் ஊற்றியதுபோல் ஆகிவிடும். தேயிலையின் பொலிபீனோல்களும் கஃபேனும் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு நீரிலிருந்து பிரிவதால் வருவது அந்தக் கலங்கல். தேநீர் சுவைப்பவர்கள் இதைக் குறையாகப் பார்ப்பதில்லை. நல்ல சாயத்தின் அடையாளம் என்றே கொள்வார்கள். மறுபடி சுடவைத்தால் தெளிந்துவிடும்.

நம் ஜெல்லுக்குரிய பல்பகுதியம் இதற்கு நேர் எதிர். குளிரில் நீரில் கரைந்து தெளிவாக இருக்கும். சூட்டில் நீரை விட்டு விலகப் பார்க்கும். காரணத்தைச் சொல்ல எந்திரப்பி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு, வேண்டும். நடுங்க வேண்டாம்.

பல்பகுதியச் சங்கிலியில் உள்ள ஒட்சிசன் அணுக்களோடு நீர் மூலக்கூறுகள் ஐதரசன் பிணைப்பால் கைகோத்துக்கொள்கின்றன. நீரை வெறுக்கும் பகுதிகளைச் சுற்றியும் நீர் ஓர் ஒழுங்கில் அணிவகுத்து நிற்க வேண்டியிருக்கிறது. கைகோப்பதால் சக்தி இலாபம் கிடைக்கிறது. அணிவகுப்பதால் சுதந்திரம் போகிறது, அதாவது எந்திரப்பி குறைகிறது. குளிரில் இலாபம் பெரிது, கரைசல் நிலைக்கிறது. ஒரு மாற்றம் தானாக நடக்குமா என்று சொல்லும் கிப்ஸ் சமன்பாட்டில் எந்திரப்பியோடு வெப்பநிலை பெருக்கப்பட்டிருப்பதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். வெப்பநிலை ஏற ஏற, இழந்த சுதந்திரத்தின் விலையும் ஏறுகிறது. ஒரு கட்டத்தில் நீர் மூலக்கூறுகள் அணியைக் கலைத்துவிட்டு வெளியேறுகின்றன. தனித்து விடப்பட்ட சங்கிலிப் பகுதிகள் ஒன்றையொன்று நாடுகின்றன. உயர்தரப் பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்யும் ஒரு வரிச் சமன்பாடு, போத்தலுக்குள் கண்ணுக்குத் தெரிய நடப்பதைப் பார்க்கலாம். இந்தப் போத்தலை நான் விடாமல் சுமப்பது அதற்காகத்தான்.

தொகுதி இணைபல்பகுதியம் என்றால்?

ஒரேவகை மணிகளைக் கோத்தால் சாதாரணப் பல்பகுதியம். இரண்டு வகை மணிகளைக் கோத்தால் இணைபல்பகுதியம். அவற்றைக் கலந்து கோக்காமல் முதலில் நூறு சிவப்பு, பிறகு நூறு வெள்ளை, மறுபடி நூறு சிவப்பு என்று துண்டு துண்டாகக் கோத்தால் அது தொகுதி இணைபல்பகுதியம்.

இங்கே ஒரு வகைத் துண்டு பொலிஎதிலீன் கிளைக்கோல். அது நீரை விரும்பும். மற்றத் துண்டு லக்டிக் அமிலமும் கிளைக்கோலிக் அமிலமும் எசுத்தர் பிணைப்பால் தொடுத்த சங்கிலி. அது நீரை வெறுக்கும். நடுவில் கிளைக்கோலும் இரு முனைகளில் எசுத்தர்த் துண்டுகளுமாக அமைந்த மூன்று துண்டுச் சங்கிலிதான் இந்தத் துறையில் அதிகம் ஆராயப்பட்டது.

இதை நீரில் விட்டால் என்ன நடக்கும்? மார்கழி விடியலில் லயத்து முற்றத்தில் தீமூட்டிக் குளிர்காய்பவர்களைப் பாருங்கள். நீரை வெறுக்கும் முனைகள் இரண்டு கைகள். நீரை விரும்பும் நடுப்பகுதி போர்வை போர்த்திய முதுகு. குளிர்ந்த கரைசலில் ஒவ்வொரு சங்கிலியும் தன் இரு கைகளையும் ஒரே தீயின்மேல் நீட்டி, முதுகை வெளியே காட்டி வளைந்திருக்கிறது. இப்படிப் பலர் கூடிய வட்டத்துக்கு மைசெல் என்று பெயர். சவர்க்காரம் அழுக்கைச் சூழ்ந்துகொள்வதும் இதே அமைப்பில்தான். வட்டத்துக்கு வட்டம் தொடர்பில்லாதவரை அவை ஒன்றையொன்று தாண்டி நழுவும், கரைசல் ஓடும்.

வெப்பம் ஏறும்போது வட்டங்கள் பெருத்து நெருங்குகின்றன. சிலர் ஒரு கையை இந்தத் தீயிலும் மறு கையைப் பக்கத்துத் தீயிலும் வைக்கத் தொடங்குகிறார்கள். அவர்கள்தான் பாலம். பாலங்கள் பெருகினால் முற்றம் முழுவதும் ஒரே பின்னலாகிவிடும்; எவரும் தனியாக நகர முடியாது. அதுதான் ஜெல். (உவமையில் ஓர் ஓட்டை உண்டு: சூடேறினால் மனிதர்கள் தீயை விட்டு விலகுவார்கள், இவை நெருங்குகின்றன. மாணவர்கள் ஆண்டு தவறாமல் இதைப் பிடித்துவிடுகிறார்கள்.)

இன்னும் சூடாக்கினால் வலை சுருங்கித் தண்ணீரைக் கக்கிவிடும். ஜெல் போய்க் கலங்கல் மிஞ்சும். ஆகவே ஜெல் நிலை என்பது கீழும் மேலும் எல்லையுள்ள ஒரு சாளரம்.

நீங்கள் வகுப்பில் காட்டும் போத்தலில் இருப்பது இதுதானா?

இல்லை. அது பொலொக்சமர் 407. வாய்கொப்பளிக்கும் திரவங்களிலும் அழகுசாதனப் பொருட்களிலும் சேரும் பொருள். அதுவும் மூன்று துண்டுச் சங்கிலிதான். ஆனால் நீரை விரும்பும் துண்டுகள் முனைகளில் இருக்கின்றன, நடுத்துண்டு பொலிபுரொப்பிலீன் ஒட்சைட்டு. பாலம் போடும் கைகள் அதற்கு இல்லை. அதன் மைசெல்கள் சந்தையில் அடுக்கிய தோடம்பழங்கள்போல நெருங்கி அடுக்கிக்கொள்வதால் இறுகுகிறது. அதில் எசுத்தர் இல்லை என்பதால் உடலுக்குள் உடையாது; கரைந்து சிறுநீரகம் வழியே வெளியேற வேண்டும். காட்டுவதற்கு வசதி, விலையும் தாங்கும்.

அந்தப் போத்தல் எனக்கு ஒருமுறை நல்ல பாடம் கற்பித்தது. மட்டக்களப்பில் ஒரு கருத்தரங்குக்கு அழைத்திருந்தார்கள். 18 சதவீதக் கரைசலைப் பையில் வைத்துக்கொண்டு பதுளையில் பஸ் ஏறினேன். லுணுகலையில் எடுத்துப் பார்த்தபோது தண்ணீர்போல ஆடியது. பிபிலையில் தேநீருக்கு நிறுத்தினார்கள். போத்தலைச் சாய்த்தேன், அசையவில்லை. மகாஓயா தாண்டிச் செங்கலடி போய்ச் சேரும்வரை கல்போல இருந்தது. மண்டபத்தில் மின்விசிறிக்குக் கீழேயும் 30 பாகைக்கு மேல். உள்ளங்கையில் பொத்தினால் இறுகும் என்று காட்டப் போனவன், ஏற்கெனவே இறுகிய ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கடையில் ஐஸ் வாங்கி வரச் சொல்லி, அதில் போத்தலை அமிழ்த்தி, களி தண்ணீராவதைக் காட்டி ஒருவாறு சமாளித்தேன். முடிந்ததும் ஒரு மாணவி எழுந்து கேட்டார்: "சேர், எங்கள் ஊரில் இதை ஊசிக்குள் எப்படி ஏற்றுவது?"

இத்தனை ஆண்டுகளில் எனக்கு வந்த கேள்விகளில் அதுதான் சிறந்தது. ஹட்டனில் எங்களுக்கு அது தோன்றவே இல்லை. அறையின் வெப்பநிலைக்கும் உடலின் வெப்பநிலைக்கும் இடையில் எங்களுக்கு ஏறத்தாழ 17 பாகை இடைவெளி; நுவரெலியாவில் 20க்கும் மேல். மட்டக்களப்பில் வைகாசி, ஆனிப் பகல்களில் 5 பாகைகூட மிஞ்சாது. ஜெல்லாகும் புள்ளி அந்த இடைவெளிக்குள் விழ வேண்டும். குளிர்நாடொன்றின் ஆய்வுகூடத்தில் 20 பாகையை அறை வெப்பநிலை என்று எழுதிவிட்டால், அந்தப் பொருள் நுவரெலியாவுக்குப் பொருந்தும், மன்னாருக்குப் பொருந்தாது.

அப்படியானால் ஜெல்லாகும் புள்ளியை மாற்ற முடியுமா?

முடியும், தொகுதி இணைபல்பகுதியத்தின் அருமையே அதுதான். நீரை வெறுக்கும் துண்டை நீட்டினால் புள்ளி இறங்கும். நீரை விரும்பும் துண்டை நீட்டினால் ஏறும். கிளைக்கோலிக் அமிலத்தைக் குறைத்து லக்டிக் அமிலத்தைக் கூட்டினால் சங்கிலி நீரை இன்னும் வெறுக்கும், புள்ளி இறங்கும். கரைசலின் செறிவைக் கூட்டினாலும் இறங்கும். உப்புச் சேர்த்தாலும் இறங்கும். சமையலில் உப்பும் புளியும் சரிக்கட்டுவதுபோலத்தான். ஒன்றைத் தொட்டால் மற்றதும் நகர்ந்துவிடும் என்பதும் சமையலைப் போலத்தான்: துண்டை நீட்டினால் புள்ளியோடு சேர்ந்து ஜெல் உடையும் காலமும் மருந்து கசியும் வேகமும் மாறிவிடும்.

நுவரெலியாக் குளிரில் ஊசி போட்டால் உள்ளே இறுகாமல் போய்விடாதா?

உயரம் ஏற ஏறத் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை குறையும். அதனால் பருப்பு வேக நேரமெடுக்கும். உடலின் வெப்பநிலை அப்படிக் குறைவதில்லை. பிதுருதலாகலை உச்சியில் நின்றாலும் உள்ளே 37 பாகைதான்.

ஆனால் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. 37 என்பது உடலின் உட்பகுதிக்கு. தோலுக்குக் கீழே சில பாகை குறைவு. பனி விழும் தை மாதக் காலையில் மலைக்குப் போய் வந்தவரின் கைவிரல்கள் அதைவிட நன்றாகக் குளிர்ந்திருக்கும். ஆகவே 36 பாகையில் இறுகும்படி வைத்தால் பிசகிவிடும். 30க்குச் சற்று மேலே இறுகும்படி வைப்பது பாதுகாப்பு. அங்கே மறுபடியும் மட்டக்களப்பு மாணவி குறுக்கே வருகிறார். இரண்டு பக்கமும் இடிக்கும் ஒடுங்கிய சந்து இது.

காய்ச்சல் வந்தால் ஜெல்லுக்கு ஒன்றும் ஆகாது. 40 பாகையும் சாளரத்துக்குள் இருக்கும்படியே வடிவமைப்பார்கள்.

உடம்புக்குள் போன பிளாஸ்டிக் எப்படி மறையும்?

எசுத்தர் பிணைப்பை நீர் உடைக்கும். அதற்கு நீர்ப்பகுப்பு என்று பெயர். இந்த வகைச் சங்கிலி உடைய நொதியம்கூடத் தேவையில்லை. உடலில் நீர் இருந்தால் போதும். உடைந்து வருவது லக்டிக் அமிலமும் கிளைக்கோலிக் அமிலமும். லக்டிக் அமிலம் புதியவர் அல்லர்: கித்துள் பாணி ஊற்றிச் சாப்பிடும் தயிரின் புளிப்பு அதுதான். மலை ஏறும்போது நம் தசைகளும் அதை உண்டாக்குகின்றன. உடல் அதை, உணவிலிருந்து சக்தி எடுக்கும் கிரெப்ஸ் வட்டத்துக்குள் அனுப்பிக் காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் மாற்றிவிடும். நடுத்துண்டான பொலிஎதிலீன் கிளைக்கோல் உடையாது; ஆனால் இதில் பயன்படுவது சிறிய சங்கிலி என்பதால் சிறுநீரோடு போய்விடும்.

கேட்கப் புதிதாக இருக்கலாம், பொருள் பழையது. கிளைக்கோலிக் அமிலத்தால் செய்த, தானாகக் கரையும் தையல் நூல் 1970களின் தொடக்கத்திலேயே சந்தைக்கு வந்துவிட்டது. பின்னர் லக்டிக் அமிலமும் சேர்த்த நூல் வந்தது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு "தையல் பிரிக்க வர வேண்டாம்" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், இந்தக் குடும்பத்துப் பொருள் உங்கள் உடம்பில் இருந்து கரைந்திருக்க மிகவும் இடமுண்டு. பொலிஎதிலீன் கிளைக்கோலும் அப்படித்தான். கொவிட் காலத்தில் மூன்றாவது ஊசியாகப் பைஸர் போட்டுக்கொண்டவர்கள் எல்லோரும் அதைச் சிறிதளவு பெற்றவர்களே. மிக அரிதாகச் சிலருக்கு அதற்கு ஒவ்வாமை உண்டு.

"மக்கும் பை" என்று விற்பதும் இதே லக்டிக் அமிலப் பொருளானால், அது ஏன் எங்கள் ஓடையில் அப்படியே கிடக்கிறது?

இதைக் கேட்டவர் தலவாக்கலையில் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பிள்ளைப் பராமரிப்பு நிலைய ஆசிரியை. கூர்மையான கண். லக்டிக் அமிலம் மட்டும் கொண்டு செய்த பை விரைவில் மக்க, பெரிய கூட்டெருக் குவியலின் 60 பாகையளவு சூடும் ஈரமும் வேண்டும். மலையகத்து மண்ணின் குளிரில் அது ஆண்டுக் கணக்கில் கிடக்கும். ஊசிமூலம் போடும் சங்கிலியோ மிகக் குட்டையானது. அதில் கிளைக்கோலிக் அமிலமும் கலந்திருப்பதால் அடுக்கு ஒழுங்காக இறுகாது. நீர் எளிதாக நுழையும். 37 பாகையில் நாள்முழுதும் நனைந்தபடி இருக்கும். ஆகவே சில வாரங்களில் உடையும். மக்கும் என்ற சொல்லைப் பார்த்ததும் எங்கே, எத்தனை பாகையில், எவ்வளவு காலத்தில் என்று கேளுங்கள். விளம்பரங்கள் அதைச் சொல்வதில்லை.

இதற்குள் மருந்து எப்படி இருக்கும்? மூன்று மாத ஊசி போன்றதா?

மருத்துவமாது போடும் மூன்று மாதக் கருத்தடை ஊசியை அறிந்தவர்களுக்கு இது விரைவில் விளங்கும். இரண்டும் தசையிலோ தோலுக்குக் கீழோ ஒரு களஞ்சியத்தை வைத்துவிட்டு வருகின்றன. வேலை செய்யும் விதம் வேறு. மூன்று மாத ஊசியில் ஓமோனின் மிக நுண்ணிய பளிங்குகள் நீரில் மிதக்கின்றன. அவை அரிதாகவே கரைவதால் மருந்து மெதுவாக இறங்குகிறது. ஜெல்லில் மருந்து குளிர்ந்த கரைசலோடு கலக்கப்படுகிறது. ஊசி போட்டதும் கரைசல் உள்ளே கட்டியாகி மருந்தைச் சிறைவைக்கிறது. முதலில் வலையின் இடைவெளிகள் வழியே கசிவு, பிறகு வலையே உடைவதால் வரும் மீதி.

மைசெல்லின் உட்புறம் நீரை வெறுப்பதால், நீரில் கரையாத மருந்துகளுக்கும் அங்கே இடம் கிடைக்கும். பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து முதலில் எடுக்கப்பட்ட பக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்து அப்படிப்பட்டது. அத்தகைய மருந்துகளின் கரைதிறன் இந்தக் கரைசலில் 400 முதல் 2000 மடங்குக்கு மேல்வரை உயர்ந்ததாக 2001இல் வெளியான ஆய்வு காட்டியது.

இதைக் கண்டுபிடித்தவர்கள் யார்?

வெப்பநிலைக்கு இசையும் பல்பகுதியங்கள் முன்பே உண்டு. பொலிஐசோபுரொப்பைல் அக்கிரிலமைட்டு 32 பாகையில் நீரை விட்டுப் பிரியும். ஜப்பானில் தெருவோ ஒக்கானோ அதைத் தட்டில் பூசி, உயிரணுக்களை 37 பாகையில் வளர்த்து, தட்டைக் குளிரவைத்து, தாள்போல முழுதாக உரித்தெடுத்தார். அழகான வேலை, ஆனால் அந்தப் பல்பகுதியம் உடலில் உடையாது.

உடையக்கூடிய தொகுதி இணைபல்பகுதியத்தை ஊசிமருந்தாக்கியது அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் சுங் வான் கிம் குழு. பியோங்மூன் ஜியோங் முதல் ஆசிரியராக அவர்களின் கட்டுரை 1997இல் நேச்சரில் வந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த முதல் ஜெல் நம் தேங்காய் எண்ணெய் வழியில்தான் நடந்தது: 45 பாகையளவில் திரவம், உடல் வெப்பநிலைக்கு ஆறும்போது ஜெல். சூடாக ஊசி போட வேண்டும். புரத மருந்துகளுக்கு அந்தச் சூடு ஆகாது. இரண்டே ஆண்டுகளுக்குள் அதே குழு துண்டுகளின் நீளத்தையும் கலவையையும் மாற்றி, அறையில் திரவமாகவும் உடலில் ஜெல்லாகவும் இருக்கும் வடிவத்தைக் கொண்டுவந்தது.

இப்போது வைத்தியசாலையில் கிடைக்குமா? மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்வரும் என் அண்ணனுக்கு உதவுமா?

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். உடையும் சங்கிலி ஜெல்லில் பக்லிடாக்சல் ஏற்றிய ஒன்கோஜெல் என்ற மருந்து மனிதர்களில் சோதிக்கப்பட்டது. கட்டிக்குள்ளேயே ஊசி போட்டால் ஆறு வாரம்வரை மருந்து கசியும் என்பது திட்டம். உணவுக்குழாய்ப் புற்றுநோயில் வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துப் பார்த்தபோது கூடுதல் பலன் தெரியவில்லை. அது சந்தைக்கு வரவில்லை.

வந்திருப்பது வேறொன்று. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர் இறங்கும் பாதையில் வரும், தீவிரம் குறைந்த புற்றுநோய்க்கு ஜெல்மைட்டோ என்ற மருந்தை அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2020 ஏப்ரலில் அனுமதித்தது. அதில் இருப்பது என் போத்தலில் உள்ள பொலொக்சமர் வகை. குளிர்ந்த திரவமாக உள்ளே செலுத்துவார்கள். அங்கே இறுகி, சில மணி நேரம் மருந்தைப் பிடித்துவைத்து, சிறுநீரோடு கரைந்து போய்விடும். வெறும் தண்ணீரில் கலந்த மருந்து அந்த இடத்தில் நிற்கவே நிற்காது. உடையாத பொருள்தான், ஆனால் வெளியேறும் வழி பக்கத்திலேயே இருப்பதால் உடைய வேண்டிய தேவையே இல்லை. இடத்துக்கேற்ற பொருளைத் தேர்ந்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

உங்கள் அண்ணனின் சிகிச்சையை அவருடைய வைத்தியர் முடிவுசெய்வார். இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு எதையும் நிறுத்தவோ தள்ளிப்போடவோ வேண்டாம்.

நீரிழிவுக்காரருக்கு வாரம் ஒரு தடவை போடும் ஊசியாக இதை ஆக்க முடியாதா?

இந்தக் கேள்வி அதிகம் வருவது லயத்து வீடுகளிலிருந்து. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலினை மண்சட்டியில் ஈரத்துணி சுற்றி வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். கிளினிக் நாளன்று கொழுந்து பறிக்கப் போகாவிட்டால் அன்றைய பெயர் விழாது, கூலி போய்விடும். ஊசிகளின் எண்ணிக்கை குறைந்தால் அது அவர்களுக்குப் பெரிய காரியம்.

எலிகளில் செய்திருக்கிறார்கள். குருதிச் சீனியைக் கட்டுப்படுத்தும் ஒரு புரத ஓமோனை இந்த ஜெல்லில் ஏற்றி, நீரிழிவுள்ள எலிகளுக்கு ஒரே ஊசியில் இரண்டு வாரம்வரை கட்டுப்பாடு கிடைத்ததாக 2004இல் கிம் குழு எழுதியது. எலியிலிருந்து மனிதருக்கு வரும் வழியில் மூன்று தடைகள் நிற்கின்றன. ஊசி போட்ட முதல் மணிகளில், வலை முழுதாக இறுகுவதற்கு முன், மருந்தில் ஒரு பங்கு குபீரென்று வெளியேறிவிடும். இன்சுலின் போன்ற மருந்தில் அது உயிராபத்து. அடுத்தது, சங்கிலி உடைய உடைய உள்ளே அமிலம் சேர்கிறது, மென்மையான புரதம் அதில் கெட்டுப்போகலாம். மூன்றாவது, போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. மாத்திரையென்றால் நாளைக்கு நிறுத்தலாம். தோலுக்குக் கீழே இறுகிய ஜெல்லை நிறுத்த வழியில்லை.

வாரம் ஒருமுறை போடும் நீரிழிவு ஊசிகள் இன்று உலகில் இருக்கின்றன. அவை மருந்தின் மூலக்கூறையே மாற்றி வந்த வழி. போட்டியில் ஜெல் பின்தங்கிவிட்டது என்றே நினைக்கிறேன். ஒரே இடத்தில் மருந்து நிற்க வேண்டிய சிகிச்சைகளில்தான் அதன் எதிர்காலம்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாமல் ஜெல் மருந்தை வைத்திருக்கலாமா?

கூடாது. எசுத்தரை உடைக்கும் நீர் போத்தலுக்குள்ளேயும் இருக்கிறதே. உடம்பில் நடக்க வேண்டிய நீர்ப்பகுப்பு அலமாரியிலேயே தொடங்கிவிடும். உறையவைத்தோ உலர்த்திப் பொடியாக்கியோ வைத்து, தேவைப்படும்போது கரைக்க வேண்டும். லக்டிக்-கிளைக்கோலிக் வகை இயல்பில் பிசின்போல ஒட்டும் பொருள். குளிர்நீரில் கரைய மணிக்கணக்கில் இழுக்கும். ஒரு வார்டில் இதைக் கையாள வேண்டிய தாதியின் பொறுமையை ஆய்வுக் கட்டுரைகள் கணக்கில் எடுப்பதில்லை.

இதில் மிருகக் கொழுப்போ ஜெலற்றினோ உண்டா?

இல்லை. முழுக்க ஆய்வுகூடத்தில் தொகுக்கப்படுவது.

தேயிலைக் கன்றுக்கு அடியில் போடும் ஜெல்லும் இதுவா?

இல்லை. அது நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் நிரந்தர வலை, குழந்தைகளின் நாப்பியில் இருப்பதன் உறவு. வெப்பநிலையைக் கண்டுகொள்ளாது.

நாங்கள் பள்ளியில் செய்து பார்க்கலாமா?

பொலொக்சமர் கிடைத்தால் தாராளமாக. 18 கிராமை 82 கிராம் குளிர்நீரில் தூவி, குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு வையுங்கள். சுடுநீரில் போட்டால் வெளிப்புறம் உடனே ஜெல்லாகி உள்ளே பொடி கட்டியாகிவிடும். அவசரக்காரர்கள் எல்லோரும் செய்யும் தவறு இது, நானும் செய்திருக்கிறேன். அதைத் தோலில் ஊசியாகவோ புண்ணிலோ பயன்படுத்தும் எண்ணம் கனவிலும் வேண்டாம்.

பிறகு ஒரு சோதனைக் குழாயில் கொஞ்சம் எடுத்து நீர்த்தொட்டியில் நிறுத்துங்கள். ஒவ்வொரு பாகையாக ஏற்றி, ஒவ்வொரு தடவையும் ஐந்து பத்து நிமிடம் பொறுத்து, குழாயைக் கவிழ்த்துப் பாருங்கள். அரை நிமிடம் வழியாமல் நின்றால் அந்த வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆய்வாளர்களும் முதலில் செய்வது இதே கவிழ்ப்புச் சோதனைதான். செறிவை 16, 18, 20 சதவீதம் என்று மாற்றி, வரைபுத்தாளில் புள்ளியிடுங்கள். ஒரு சிட்டிகை உப்புப் போட்டு இன்னொரு கோடும் வரையலாம். மட்டக்களப்பிலோ மன்னாரிலோ உங்களுக்குத் தெரிந்த பள்ளி இருந்தால் அதே கரைசலைச் செய்யச் சொல்லி, தொட்டியில் ஐஸ் இல்லாமல் தொடங்க முடிகிறதா என்று கேட்டு எழுதுங்கள்.